பயமில்லாத பிள்ளை

போன கிழமை ஆசிரியர் அறையில் உங்களில் மூன்று பேர் கதைத்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை சில மாதங்களாகச் சரியில்லை, நன்றாகப் படித்த பிள்ளை இப்போது மேசையில் தலையைப் போட்டுக் கிடக்கிறது, புத்தகப் பையில் ஏதோ மாத்திரை இருந்ததாம் என்று ஒருவர் சொன்னார். பெயரை வெட்டி அனுப்பிவிடுவதுதான் நல்லது, இல்லாவிட்டால் மற்றதுகளும் கெட்டுப்போகும் என்றார் இன்னொருவர். நான் ஓய்வுபெற்றவள். நூலகத்தை ஒழுங்குபடுத்திக் கொடுக்க வந்தவள். அதனால் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு அப்படிப் பேசாமல் வந்தது எனக்கே பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதித் தருகிறேன்.

நீங்கள் சொன்ன மாத்திரைகளின் பெயர் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அபின் மட்டும்தான். அதையும் ஒரே ஒரு பிள்ளையிடம்தான் கண்டேன். யுத்த காலம், இதே திருகோணமலை.

ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட காலையில் எனக்கு வயது இருபத்திரண்டு. படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருடமும் ஆகவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாட்களே இருந்தன. துறைமுகப் பக்கம் நிலம் குலுங்கியது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்து, அந்தப் புகை நாட்கணக்காக வானத்தில் நின்றது. கொடியில் காயப்போட்ட துணியில் கரி படிந்தது. ஊர் ஒரே நாளில் காலியானது. வண்டில் கிடைத்தவர்கள் வண்டிலிலும் கிடைக்காதவர்கள் நடையிலுமாகக் கந்தளாய்ப் பக்கம் போனோம்.

சில மாதங்களுக்குப் பிறகு சனங்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். எங்கள் பெண்கள் பாடசாலையின் கல் கட்டடத்தைக் கடற்படை எடுத்துக்கொண்டிருந்தது. உப்புவெளிக்குப் போகிற வழியில், ஒரு தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் கொட்டகை போட்டு வகுப்பு நடத்தினோம். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு நீளக் கிடங்குகள் வெட்டியிருந்தார்கள். பதுங்கு குழி என்ற சொல் இந்த மண்ணில் எல்லோர் வாயிலும் புழங்கியது பின்னாளில்தான். அப்போது எங்களுக்கு அது வெறும் கிடங்கு. அபாயச் சங்கு ஊதினால் பிள்ளைகளை அதற்குள் இறக்க வேண்டும். ஆபத்து நீங்கியது என்று மறுபடி ஊதும்வரை ஒருவரும் வெளியே வரக்கூடாது. அது கண்டிப்பான கட்டளை.

ஆனால் சங்கு ஊதாத நாட்களிலும் விமானங்கள் பறந்தன. சீனக்குடாவிலிருந்து எழும்பி எங்கள் கொட்டகைக்கு மேலாலேதான் அவை கடலுக்குப் போகும். அது இங்கிலிஷ்காரரின் விமானம் என்று மனதுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. பெரிய பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். சின்னப் பிள்ளைகள் மேசைக்குக் கீழே ஒடுங்குவார்கள், சில வேளை பாவாடையும் நனைந்துவிடும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதுவது போலப் பாவனை செய்துகொண்டு நிற்பேன். என் முகத்தைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாதென்பதற்காக.

தவமணி என் வகுப்பில் எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. வயது பதினைந்து. கணக்கில் அவளைப் போல ஒரு பிள்ளையை நான் அதுவரை கண்டதில்லை. நான் கரும்பலகையில் கேள்வியை எழுதி முடிக்கும்போதே விடை அவளுடைய கொப்பியில் இருக்கும். தகப்பன் துறைமுகத் தொழிலாளி. குண்டு போட்ட அன்று விடிய வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தாய் இடியப்பம் அவித்துத் துறைமுக வேலையாட்களுக்கு விற்றுப் பிழைத்தாள்.

கொட்டகையில் வகுப்புத் தொடங்கிய முதல் கிழமைகளில் எல்லோரையும்விட அதிகம் நடுங்கியவள் தவமணிதான். விமானச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அவளுடைய பற்கள் அடிக்கிற சத்தம் முன் வரிசைக்குக் கேட்கும். பிறகு, ஏறக்குறைய ஒரு மாதத்தில், அது நின்றுபோனது. ஒரு நாள் விமானம் தென்னை ஓலையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து போனது. முழு வகுப்பும் கத்தியது. தவமணி மட்டும் கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தாள். இமைகூட ஆடவில்லை.

எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அவள் தேறிவிட்டாள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் அவளை எழுப்பி நிறுத்தினேன்.

“எல்லாரும் தவமணியைப் பாருங்கோ. தகப்பனைப் பறிகுடுத்த பிள்ளை. அவளுக்கில்லாத பயம் உங்களுக்கு என்னத்துக்கு? இதுதான் பயமில்லாத பிள்ளை.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். தவமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு வருவதற்கும் கொஞ்ச நேரம் எடுத்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அதன் பிறகு அவளுடைய படிப்பு சரியத் தொடங்கியது. எப்படிச் சரிந்தது என்பதை விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது முழுவதும் கொப்பியில் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. கணக்கின் முதல் வரி சரியாக இருக்கும். இரண்டாவது வரியும் சரி. மூன்றாவது வரி இருக்காது. கணக்கு முடிந்துவிட்டது போல அடியில் கோடு போட்டிருப்பாள். ஏன் முடிக்கவில்லை என்று கேட்டால், “முடிச்சனான் ரீச்சர்” என்பாள். பொய் சொல்கிற முகமாகவும் இருக்காது. நேராகப் போகிற அவளுடைய எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியது. ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ‘எங்கள் ஊர் கடலால் சூழப்பட்டது’ என்ற வசனத்தை நான்கு தரம் எழுதியிருந்தாள், ஒவ்வொரு தரமும் புதிதாக எழுதுவது போல. இடைவேளையில் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடமாட்டாள். மூக்கையும் கையையும் ஓயாமல் சொறிவாள். மத்தியானத்துக்குப் பிறகு மேசையில் சரிந்துவிடுவாள். நித்திரையைக் கலைப்பதற்காக எழுப்பி நிறுத்தினேன். நின்றபடியே நித்திரை கொண்டாள். வகுப்பு சிரித்தது. நானும் அவர்களை அடக்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியை அதிகம் பேசாதவர். ஒரு நாள் கொட்டகையைத் தாண்டிப் போனவர் நின்று, தவமணியைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன?”

“சோம்பல், ரீச்சர்.”

“சோம்பல் ஒரு மாசத்தில வாறதில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வசனத்தை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பாடசாலையைப் பார்வையிடப் பரிசோதகர் வருகிற தவணை அது. என் வகுப்பின் முதல் பிள்ளை கடைசிப் பிள்ளையாகிக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. எனக்கிருந்த பயமெல்லாம் என்னைப் பற்றியதுதான். தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் அவளைத் தனியே கூப்பிட்டு, “நாளைக்குக் கணக்கில புள்ளி குறைஞ்சா அம்மாவோடதான் வரவேணும். உம்மை இந்த வகுப்பில வைச்சிருக்க ஏலாது” என்று சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் விடியற்காலையிலிருந்தே விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. என்ன ஒத்திகையோ தெரியாது, ஒன்று போக ஒன்று வந்தது. கணக்குப் பரீட்சை தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அபாயச் சங்கு ஊதியது.

மேலே பறப்பது எங்களுடையதா, அவர்களுடையதா என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் பேனையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். முதல் நாள் பெய்த மழையில் கிடங்குக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்குள் இறங்கி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குந்தினோம். அப்போதுதான் முகங்களைப் பார்த்தேன். தவமணி இல்லை.

நான் உடனே எழும்பினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் எழும்பவில்லை. அவள் மற்றக் கிடங்குக்குள் இருப்பாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் பயமில்லாத பிள்ளை, ஆறுதலாக நடந்து வருவாள் என்றும் சொல்லிக்கொண்டேன். என் கால்கள் தண்ணீருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“ரீச்சர், தவமணி எழும்பேல்ல. நான் தட்டினனான். அவள் எழும்பவே இல்ல.”

அதைக் கேட்ட பிறகுதான் ஏறினேன். மற்றக் கிடங்கின் வாயில் தலைமையாசிரியை நின்றார்.

“எங்க போறீர்?”

“பிள்ளை ஒண்டு உள்ள, ரீச்சர்.”

அவர் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். “போம். இவையளை நான் பாக்கிறன். பிள்ளைக்கு ஏதுமெண்டா சங்குக்குக் காத்திருக்க வேண்டாம்” என்றார்.

கொட்டகைக்குள் அவள் ஒருத்திதான். விடைத்தாளின் மேல் கன்னத்தை வைத்திருந்தாள். வாயோரம் எச்சில் வடிந்து மையைக் கரைத்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை துவண்டு மறுபக்கம் சாய்ந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவ்வளவு நேரம். அவளைத் தூக்க முனைந்தபோது மடியிலிருந்து ஒரு சின்னத் தைலச் சிமிழ் விழுந்தது. திறந்தேன். மிளகளவில் கறுத்த உருண்டைகள் இரண்டு. கசந்த நாற்றம்.

அது என்ன என்று எனக்குத் தெரியாது. நஞ்சு என்று நினைத்தேன். நான் நேற்றுச் சொன்ன சொல்லுக்காக இந்தப் பிள்ளை நஞ்சு குடித்துவிட்டாள் என்று நினைத்தேன். பொலிஸ் வரும். பாடசாலையின் பெயர் போகும். என் பெயர் போகும். சிமிழை மூடி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல. என் கை தானாகச் செய்தது.

அவளை முதுகில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எங்கோ மேலே இரைச்சல் சுற்றிக்கொண்டிருந்தது. தொப்பியும் விசிலுமாக ஒரு ஏ.ஆர்.பி. காவல்காரர் ஓடி வந்தார். பட்டினத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர், அபாய நேரத்தில் தெருவைக் காக்கிற வேலையையும் பார்த்தவர்.

“ரீச்சர்! என்ன விசர் வேல இது? பள்ளத்துக்குள்ள இறங்குங்க!”

“பிள்ளைக்கு மூச்சில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்.”

அவர் கிட்ட வந்து அவளுடைய முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. சாத்தியிருந்த கடையொன்றின் முன்னால் நின்ற கைவண்டிலை இழுத்து வந்தார். அரிசிச் சாக்கு ஒன்றை விரித்து அவளைக் கிடத்தினோம்.

“நான் இழுக்கன், நீங்க பின்னால தள்ளுங்க. சத்தம் கிட்ட வந்தா வண்டிலுக்குக் கீழ படுங்க. புள்ளைய விட்டுட்டு ஓடப்படாது, என்ன?”

“ஓம்” என்றேன்.

ஆஸ்பத்திரி ஒரு மைலுக்கு மேல். இரண்டு தரம் சத்தம் தலைக்கு மேலே வந்தது. இரண்டு தரமும் நாங்கள் வண்டிலுக்குக் கீழே படுக்கவில்லை. துணிச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நின்றால் மறுபடி தள்ள என்னால் ஏலாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

டாக்குத்தர் இல்லாத நேரம் நோயாளரைப் பார்க்கிற அப்போதிக்கரி ஒருவர்தான் அங்கே இருந்தார். வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். தவமணியைக் கட்டிலில் கிடத்தினோம்.

“என்ன நடந்தது?”

“சோதினை எழுதிக்கொண்டிருந்தவள், ஐயா. விடிய ஒண்டும் சாப்பிடேல்லப் போல. மயங்கிப்போனாள்.”

அவர் நாடி பார்த்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். மூக்கருகே ஏதோ போத்தலைப் பிடித்தார். பலனில்லை. பிறகு இமையைத் தூக்கி, விளக்கைக் கொண்டுவரச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார்.

“ரீச்சர், இந்தப் பிள்ளை என்னத்தையோ விழுங்கியிருக்குது. என்ன எண்டு தெரிஞ்சா நான் சரியாச் செய்வன். தெரியாட்டிக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தேடவேணும். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

“தெரியாது, ஐயா.”

சிமிழ் இடுப்பில் அழுத்திக்கொண்டிருந்தது. தவமணி ஒரு மூச்சு விட்டாள். நான் அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. அப்போதிக்கரி அவளுடைய நெஞ்சில் கையை வைத்தார். அப்போதும் வரவில்லை. பிறகு எங்கோ கிணற்றடியிலிருந்து இழுப்பது போல ஒன்று வந்தது. நான் சிமிழை எடுத்து அவரிடம் நீட்டினேன். மூடி கழன்று கீழே விழுந்து உருண்டது.

அவர் மணந்து பார்த்தார். “அபின்” என்றார். உடனே திரும்பிக் குழாயையும் ஊதா மருந்து கலந்த தண்ணீரையும் கொண்டுவரச் சொன்னார். வயிற்றைக் கழுவினார்கள். என்னை வெளியே போகச் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. எல்லாம் முடிந்து கையைத் துடைக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

“இதை வாசல்லயே தந்திருக்கலாம்.”

இத்தனை வருடத்தில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ ஏசியிருக்கிறார்கள். அவையெல்லாம் மறந்துவிட்டன. நான் மறைத்து வைத்தது கால் மணித்தியாலம்கூட இருக்காது. ஆனால் அந்த மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நான் நின்ற இடம் எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையின் பையில் எதையாவது கண்டெடுத்தால், அது உங்களுக்கோ பாடசாலைக்கோ என்ன செய்யும் என்று முதலில் யோசிக்காதீர்கள். மருந்து தெரிந்தவரின் கையில் கொடுங்கள். மற்ற யோசனைகளுக்குப் பிறகு நேரம் இருக்கிறது.

“இனி நித்திரை கொள்ள விடாதேங்கோ” என்றார் அப்போதிக்கரி. “நித்திரை கொண்டா மூச்சும் நித்திரை கொண்டிரும்.”

கடும் கோப்பியைப் பருக்கி, ஒரு பக்கம் தாதியும் மறுபக்கம் நானுமாக அவளை விறாந்தையில் நடத்தினோம். கால்கள் பின்னின. கன்னத்தில் தட்டினோம். ஆபத்து நீங்கிய சங்கு எப்போது ஊதியது என்று எனக்குத் தெரியாது. அன்று குண்டு எதுவும் விழவில்லை என்பதையும் பிறகுதான் அறிந்தேன். அவளை விழிப்பாக வைத்திருக்க என்ன பேசுவதென்று தெரியாமல் வாய்ப்பாடு கேட்டேன். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய பிள்ளை. “ஏழு மூண்டு?” என்றேன். கண்ணை அரைவாசி திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. “ஏழு மூண்டு...” என்று நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். பிள்ளை பிழைத்தாலும் அந்த மூளை திரும்பி வருமா என்ற பயம் அப்போதுதான் என்னைப் பிடித்தது. அது வானத்திலிருந்து வருகிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அவளுக்குத் தெளிவு வந்தது. தாய் வந்து காலடியில் குந்தியிருந்தாள். மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்திருந்தாள்.

“நித்திரையில எழும்பி எழும்பிக் குளறுவாள், ரீச்சர்” என்றாள் தாய். “நாட்டு மருந்து குடுக்கிற பரியாரியாரிட்டக் காட்டினனான். மூண்டு நாளைக்குத்தான் இந்த உருண்டையைத் தந்தவர். அந்த மூண்டு நாளும் பிள்ளை நித்திரை கொண்டவள். நானும் கொஞ்சம் நித்திரை கொண்டனான். பிறகும் குளறத் தொடங்கினாள். என்னட்ட இடியப்பம் வாங்கிற துறைமுக டொக்யாட் மனிசன் ஒராள் அதைக் கொண்டுவந்து தந்தவர். படுக்கப்போகேக்க ஒரு உருண்டைதான் குடுத்தனான். ஒண்டுதான், ரீச்சர். பிள்ளையை நித்திரையாக்கத்தான்.”

“பகல்ல நான் எடுத்தனான், அம்மா” என்றாள் தவமணி. குரல் காற்றாக வந்தது. “பிளேன் போகேக்க எடுத்தனான். முதல் ஒண்டு. பிறகு ஒண்டு காணாது, கூட எடுத்தனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்கள் எல்லாருக்கும் முன்னால பயமில்லாத பிள்ளை எண்டு சொன்னனீங்கள். பிறகு பயமா இருக்குது எண்டு எப்பிடிச் சொல்லுறது? கணக்கும் வராமப் போச்சு. கணக்கு வராததால இன்னும் பயம் வந்தது. அதுக்கும் அதைத்தான் எடுத்தனான்.”

இந்த விஷயத்தைப் பற்றி இன்று நீங்கள் எத்தனை கருத்தரங்குக்குப் போனாலும், அவள் சொன்ன அந்தக் கடைசி மூன்று வசனத்துக்கு மேல் புதிதாக ஒன்றைக் கேட்பீர்களோ தெரியாது.

அப்போதிக்கரி தன் புத்தகத்தில் நடந்ததை உள்ளபடி எழுதினார். பொலிஸ் விசாரித்தது. கொண்டுவந்து கொடுத்த மனிதன் அதற்குள் ஊரை விட்டுப் போய்விட்டான். பாடசாலை நிர்வாகத்தில் இருந்தவர்கள் தவமணியின் பெயரை வெட்டச் சொன்னார்கள். தலைமையாசிரியை அவர்களுக்குச் சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“பேரை வெட்டினா விடிஞ்சாப் பொழுதுபட்டா அவள் வீட்டிலதான் இருப்பாள். அந்தச் சாமான் வந்ததும் வீட்டுக்குள்ளதான். இஞ்ச இருந்தா ஆறு மணித்தியாலமாவது எங்கட கண்ணுக்கு முன்னால இருப்பாள்.”

அவர்கள் போன பிறகு நான் என் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். சிமிழை ஒளித்த கதையையும் சொன்னேன். கடிதத்தை முழுதாக வாசித்தார். மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

“இதை வாங்கிக்கொண்டு உம்மை விட்டா, அவளுக்குக் கணக்கை ஆர் சொல்லிக்குடுக்கிறது? எனக்குக் கணக்கு வராது.”

தவமணி ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் கிழமையை நான் விபரிக்கப்போவதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, குளிர், வியர்வை. ஒரு உருண்டை, ஒன்றே ஒன்று என்று தாயின் காலைப் பிடித்தாள். தாய் அப்போதிக்கரியின் காலைப் பிடித்தாள். அவர் இணங்கவில்லை. “மருந்து எண்டு இதுக்கு ஒண்டும் இல்லை, அம்மா. பக்கத்தில இருங்கோ” என்றார். நானும் பாடசாலை விட்டதும் போய் இருந்தேன்.

வகுப்புக்குத் திரும்பி வந்தவள் பழைய தவமணி அல்ல. மெலிந்திருந்தாள். ஒரு கணக்கில் மூன்று படி இருந்தால் மூன்றாவதற்குப் போகும்போது முதலாவது மறந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினோம். அவளைவிட நான்தான் அடிக்கடி பொறுமை இழந்தேன். சில நாள் அவள் பென்சிலை முறித்து எறிவாள். எறியட்டும் என்று விட்டேன்.

அவள் வந்த பிறகு ஊதிய முதல் அபாயச் சங்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிடங்குக்குள் இறங்கியதும் அவளுடைய பற்கள் அடிக்கத் தொடங்கின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேனோ என்று அவளும் பார்த்தாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்குது” என்றேன். “எல்லாரும் கிட்ட வாங்கோ.”

அன்றைக்கு முதல் தரம் பிள்ளைகள் வாய்விட்டு அழுதார்கள். நானும் அழுதேன். சங்கு ஊதி முடிந்து மேலே ஏறி வந்த பிறகு, அன்றைய பாடத்தை ஆச்சரியப்படும்படி நன்றாகச் செய்தார்கள்.

எஸ்.எஸ்.சி. பரீட்சையை அவள் ஒரு வருடம் பிந்தித்தான் எழுதினாள். பெறுபேறு என் கைக்கு வந்த நாளில் யுத்தம் இன்னும் முடியவில்லை. மற்றப் பாடங்களில் சித்தி. கணிதத்தில் தவறியிருந்தாள். கணிதத்தில் தவறினால் சான்றிதழ் இல்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக் கடற்கரையோரமாக அவளுடைய வீட்டுக்கு நடந்தேன். குண்டு போட்ட காலையிலும் கைவண்டில் தள்ளிய நாளிலும் இருந்த பயத்துக்குக் குறையாத பயம் அது. இதைக் கேட்டதும் அவள் என்ன செய்வாள், வீட்டில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாளா, தாயின் கையில் மறுபடி ஏதும் வந்திருக்குமா என்றெல்லாம் ஓடியது. இரண்டு தரம் திரும்பிப் போக நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், வேறு யாரையாவது கொண்டு சொல்விக்கலாம் என்றும் நினைத்தேன்.

தவமணி வாசலில் உரலில் மாவிடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உலக்கையைச் சாத்தி வைத்தாள். தாளை வாங்கி வாசித்தாள். பிறகு அப்படியே மணலில் குந்தி அழுதாள். விம்மல் அல்ல, பெரிய குரலில், அயலெல்லாம் கேட்கும்படி அழுதாள். குசினிக்குள்ளிருந்து தாய் ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அவளுடைய கண்ணிலும் அதே பயம்தான்.

“அழட்டும்” என்றேன். “வடிவா அழட்டும்.”

நானும் தாயும் அவளுக்கு இரண்டு பக்கமும் மணலில் இருந்தோம். வெயில் முற்றத்தைக் கடந்து வேலிவரை போனது. கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சி, பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்தாள். தாளை மறுபடி எடுத்து, கணிதம் என்று இருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ரீச்சர், அடுத்த முறைக்கு எப்ப பேர் குடுக்கவேணும்?” என்று கேட்டாள்.